கூடையைத் தோளில் மாட்டிய வெள்ளைக்காரப் பெண்

காது கேளாத என் மகளைப் பதுளையில் காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி, ஒரு டீச்சர் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கு உதவ வந்த வெள்ளைக்காரப் பெண்ணும் கூடவே வந்தார்.

"பசிச்சா புள்ள யாருகிட்டங்க டீச்சர் சொல்லும்?" என்று மறுத்தேன்.

அதற்குள் அந்தப் பெண் என் கொழுந்துக் கூடையை ஆசையாகத் தோளில் மாட்டிக்கொண்டார். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கூடைக் கயிற்றைத் தூக்கி, நாங்கள் சுமக்கிற மாதிரி அவர் தலையில் போட்டுவிட்டாள். இருவரும் கைகளாலேயே பேசிச் சிரித்தார்கள்.

"அவங்களுக்கும் காது கேக்காதுங்க அக்கா," என்றார் டீச்சர்.

"அப்ப கடல் தாண்டி எப்படிங்க வந்தாங்க?"

"தனியாத்தான்."

அடுத்த வாரமே மகள் பஸ் ஏறினாள், கையசைத்தபடி. நாலு பேர் முன்னால் பேசவே கூசும் நான், பஸ் மறையும்வரை அசைத்த கையை இறக்கவில்லை.