அரண்மனைக்குப் போன கம்பெனி பஸ்

ஒரகடத்து மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு.

கல்லூரிச் சுற்றுலாவில் கொரியா வந்த நான், இன்று தனியாளாக அரண்மனை பார்த்துவிட்டேன். படம் போடாவிட்டால் ஒரு மாதம் அவன் பைக்கைக் கழுவுவதாக நண்பன் தினேஷிடம் பந்தயம். மதியமே போட்டாயிற்று.

வழியில் ஒரு சின்னச் சம்பவம்.

காலையில் அரண்மனைக்குப் போக நின்ற ஸ்டாப்பில் ஒரு வெள்ளை பஸ் வந்தது. எல்லோரும் வரிசையாக ஏறினார்கள். ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு இப்படியே பஸ் ஏறி டிரெய்னிங் போன பழக்கத்தில் நானும் ஏறித் தூங்கிவிட்டேன்.

விழித்தால் எதிரே தொழிற்சாலை கேட். பக்கத்து சீட் கொரியாக்காரர், நம்ம ஊர்ப் பக்கம் சுங்குவார்சத்திரம் தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை பார்த்தவராம்; தமிழிலேயே கேட்டார்.

“இன்னாபா, ஷிஃப்டுக்கு வந்தியா? ஐடி கார்டு எங்க?”

“அரண்மனை பாக்க வந்தேன் சார்.”

“இது கம்பெனி பஸ்பா. சரி வா, கேன்டீன்ல சாப்ட்டு போ.”

சாப்பாடு பிரமாதம். கேன்டீன் சுவரில் இருந்த அரண்மனை காலண்டரும் பிரமாதம். நான் போட்ட படம் அதுதான்.

தினேஷ், பைக்கை ரொம்ப அழுக்காக்காதே.