மெடத்துக்கு நான் கேட்ட பதுவா

சகோதரிகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கேட்டது நல்ல துஆ அல்ல, பதுவா. ஒரு பெண் நாசமாகப் போக வேண்டும் என்று தொழுத இடத்திலேயே இருந்து கையேந்திக் கேட்டேன். அல்லாஹ் அதைக் கேட்டான். எப்படிக் கேட்டான் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தபால் கந்தோரில் வேலை கிடைத்து எனக்கு நான்கு மாதம். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். ஆறு மாதம் முடிய, தபாலதிபர் நல்ல அறிக்கை எழுதினால்தான் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டில் குந்த வேண்டியதுதான். அந்தத் தபாலதிபரை மெடம் என்போம். நாற்பதை நெருங்கிய வயது. எங்கள் ஆள்தான், ஐந்து நேரமும் தொழுகிறவர். கல்யாணம் முடித்துப் பதினொரு வருடம், பிள்ளை இல்லை. அவர் என்று எழுத எனக்குக் கை வருகுதில்லை. அவள் என்றே எழுதுகிறேன்.

என் கணவர் லீவில் வந்து சவூதிக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகவில்லை, எனக்கு நாள் தள்ளிவிட்டது. சந்தோஷப்பட ஒரு கிழமைதான் கிடைத்தது. பிறகு வாந்தி தொடங்கியது, எங்கள் ஊரில் சத்தி என்போம். காலையில் ஒரு தடவை வந்து போகிற சத்தி அல்ல. குடித்த தண்ணீர் தொண்டையைத் தாண்டாது. சோறு வேகிற மணம், மீன்காரனின் சைக்கிள் மணம், என் கையில் சவர்க்கார மணம், எல்லாவற்றுக்கும் சத்தி. கடைசியில் பச்சையாகப் பித்தம்தான் வந்தது.

கந்தோரில் என்னைக் கொன்றது அரக்கு. தபால் பையின் வாயைக் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்த வேண்டும். அது என் வேலை. அந்தப் புகை மூக்கில் ஏறியதும் பின்பக்கக் கிணற்றடிக்கு ஓடுவேன். எங்கள் தபால்காரர் கணேசு அண்ணன், பெரியநீலாவணை ஆள், ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"மெடம், தங்கச்சிக்கு ஏலாம இருக்கு. அரக்க நான் உருக்கட்டா?"

"உங்கட வேல காயிதம் குடுக்கிறது. அதப் பாருங்க" என்றாள். பிறகு கவுண்டரில் நின்ற ஆட்களுக்கும் கேட்கத்தக்கதாக, "ஊருல இவ ஒருத்திதான் புள்ளத்தாச்சி. மத்தவளெல்லாம் புள்ளய மரத்தில புடுங்கினாக்கும்" என்றாள். ஆட்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களின் முகம் எல்லாம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அவள் மேசையில் ஒரு கொப்பி வைத்திருந்தாள். நான் கிணற்றடிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிடம் என்று அதில் எழுதுவாள். ஏழு, ஒன்பது, பன்னிரண்டு.

ஒருநாள் முத்திரை குத்திக்கொண்டு நின்றபடியே விழுந்துவிட்டேன். கல்முனை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் சேலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கொஞ்சம் இரத்தம் பட்டது. பிள்ளை நிற்குமோ தெரியாது என்றார் டொக்டர். அல்லாஹ் நிறுத்தினான். கொஞ்சம் தேறியதும் டொக்டர் எழுதித் தந்த துண்டோடு கந்தோருக்குப் போனேன். மெடம் அதை வாங்கிப் பார்க்கவுமில்லை.

"துண்டு ஆருக்கும் எடுக்கலாம். அறிக்கையில என்ன எழுதணும் எண்டு எனக்குத் தெரியும்."

அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பை மடிக்காமல் இருந்தேன். அநியாயம் செய்யப்பட்டவளின் துஆவுக்குத் திரையில்லை என்று சின்ன வயதில் ஓதியிருந்தேன். அதைப் பயன்படுத்தத் தீர்மானித்தேன். யா அல்லாஹ், எனக்கு வந்ததெல்லாம் இவளுக்கும் வரட்டும் என்று தொடங்கினேன். அரக்கு மணத்தில் குடல் வாய்க்கு வரட்டும். குடித்த தண்ணீர் நிற்கக் கூடாது. கிணற்றடியில் முழங்கால் குத்தி நிற்கட்டும். நான் நின்று பார்க்க வேண்டும். கடைசியாக ஒன்று சேர்த்தேன். இவள் ஆசைப்படுவது கைக்கு வருமுன் பறிபோகட்டும்.

ஒருநாள் அல்ல, நாற்பது நாள், ஐந்து நேரத் தொழுகையிலும் அவளுடைய பெயரையும் அவள் உம்மாவின் பெயரையும் சொல்லிக் கேட்டேன். உண்மையைச் சொன்னால், அது எனக்கு ருசியாக இருந்தது. வாயில் வேறொன்றும் ருசிக்கவில்லை, இது ருசித்தது. என் உம்மா ஒருநாள் கேட்டுவிட்டார்.

"என்ன கா செய்யிறாய்? புள்ளத்தாச்சி பதுவா கேக்கிறயா? வவுத்துக்குள்ள இரிக்கிறது கேட்டுக்கிட்டிரிக்கும்."

"கேக்கட்டும் உம்மா. அதுக்கும் அவ செஞ்சது தெரியணும்" என்றேன்.

ஒரு திங்கட்கிழமை. நான் அரக்கை உருக்குகிறேன். மெடம் கதிரையை விட்டு எழும்பினாள், வாயைப் பொத்தினாள், பின்பக்கம் ஓடினாள். நான் சிரித்தேன், மறைக்கவில்லை. அவள் மேசையில் இருந்த கொப்பியை எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்து, பதினொரு நிமிடம் என்று எழுதினேன். அடுத்த நாளும் ஓடினாள், அதையும் எழுதினேன். மூன்றாம் நாள் கணேசு அண்ணன் பயந்து வந்தார்.

"தங்கச்சி, மெடம் கிணத்தடியில இருந்து அழுறா. போய்ப் பாருங்க."

பார்க்கத்தானே காத்திருந்தேன். போனேன். முழங்கால் குத்தித்தான் இருந்தாள், முக்காடு கழுத்தில் கிடந்தது. ஆனால் அழுதுகொண்டே சிரித்தாள். என் கையைப் பிடித்தாள்.

"எனக்கு நாள் தள்ளியிரிக்கு புள்ள. பதினொரு வருஷம். ஆரோ எனக்காக விடாமக் கேட்டிரிக்காங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவளிடம் அல்ல, அல்லாஹ்விடம். நான் கேட்டதில் ஒன்றையும் அவன் விடவில்லை. சத்தி, அரக்கு, கிணற்றடி, முழங்கால், எல்லாம் அப்படியே. அதெல்லாம் ஒரு பெண்ணுக்கு எதனால் வரும் என்று நாற்பது நாளில் ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. இவளுக்கா இந்தக் கூலி என்று நின்றேன்.

விட்டுவிடவும் மனமில்லை. "மெடம், என்ட அறிக்க?" என்றேன்.

"நல்லா எழுதுறன்."

"இண்டைக்கே எழுதுங்க. நான் பாக்க எழுதுங்க."

நடுவில் இரண்டு தடவை சத்தி எடுத்துவிட்டு வந்து எழுதினாள். நான் வாசித்துப் பார்த்துத்தான் தபால் பையில் போட்டேன். வேலை நிரந்தரமானது.

வீட்டுக்கு வந்து மஃரிப் தொழுதேன். அப்போதுதான் நான் சேர்த்த கடைசி வரி ஞாபகம் வந்தது. ஆசைப்படுவது கைக்கு வருமுன் பறிபோகட்டும். முன்னதெல்லாம் வரிக்கு வரி நடந்திருக்கிறது. மிச்சம் அது ஒன்றுதான். அவளை எனக்குப் பிடிக்காது. ஆனால் அவள் வயிற்றில் இருக்கிறது எனக்கு என்ன செய்தது?

அன்றிலிருந்து வேறு துஆ. யா அல்லாஹ், கடைசி வரியை மட்டும் எடுத்துவிடு, மற்றதெல்லாம் இருக்கட்டும். சத்தி நிற்க வேண்டாம், பிள்ளை மட்டும் நிற்கட்டும். சிரிக்காதீர்கள். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

எனக்கு மகன் பிறந்த கிழமை உம்மா செய்தி கொண்டுவந்தார். மெடத்துக்கு பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம், பிள்ளைக்குத் துடிப்புக் குறைவாம். பேறுகால நாள், எனக்குத் தொழ முடியாது. துஆவுக்குத் தடையில்லையே. மகனை மடியில் போட்டுக்கொண்டு, பாலூட்டிக்கொண்டே கேட்டேன். அந்த ஒரு வரி என் வாயிலிருந்து வந்தது, அதற்குப் பிடிப்பதானால் என்னைப் பிடி, அந்தப் பிள்ளையைப் பிடிக்காதே என்றேன். என்ட மகனைப் பிடி என்று சொல்ல வாய் வரவில்லை. பல கிழமை அப்படியே போனது. ஒவ்வொரு தடவை படலை திறக்கும்போதும் பிள்ளை மௌத்தாகிவிட்ட செய்திதான் வருகிறதோ என்று எட்டிப் பார்த்தேன்.

மாதம் நிறைந்து அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அல்ஹம்துலில்லாஹ். நெற்றி தரையில் அழுந்த ஸஜ்தா செய்தேன்.

அவளுக்குப் பேறுகால நாற்பது முடிந்ததும் மகனையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லாமல் அந்தப் பிள்ளையைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை.

"மெடம், நான் உங்களுக்கு பதுவா கேட்டன். நாப்பது நாள்" என்று ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவள் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"நானும் கேட்டன் புள்ள. நீ சத்தி எடுக்கிற சத்தம் எனக்குக் கேக்க ஏலாம இரிந்திச்சி. அந்தச் சத்திக்குத்தானே நான் எத்தின நேர்ச்ச வச்ச. நீ ஆஸ்பத்திரியில கிடந்த மூணு நாளும் கேட்டன். இவட வவுத்தில இரிக்கிறத எடுத்து எனக்குத் தா எண்டு."

மூன்றாம் நாள் இரத்தம் பட்டது எனக்கு ஞாபகம் வந்தது. என் மகனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளை அறைந்திருப்பேன், கையில் பிள்ளை இருந்ததால் முடியவில்லை. அவளும் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள். என்னிடமிருந்து எடுக்காமலே அவளுக்கும் கொடுத்திருந்தான்.

சகோதரிகளே, கேளுங்கள். கோபமா, அந்தக் கோபத்தோடே போய் அவனிடம் கேளுங்கள். மனிதரிடம் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள், அவர்கள் கேட்டபடியே செய்துவிடுவார்கள். அவன் நமது நெஞ்சில் உள்ள நஞ்சை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத் தருவான். எனக்குத் தந்தான்.

மெடத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவளும் என்னை மன்னித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு தொழுகையிலும் என் மகனுடைய பெயருக்கு அடுத்ததாக அவள் மகளுடைய பெயரைச் சொல்லித்தான் கையை இறக்குகிறேன்.