நகரி பஸ்ஸில் மாறிய முடிவு

எனக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். ஆந்திராவில் இருக்கும் நகரியில் தெலுங்கு மீடியத்தில் படித்தவளுக்கு எழுத்து எங்கிருந்து வரும்? குறுங்கதைப் போட்டி என்றால் போனிடம் வாயால் சொல்வேன்; அது எழுதிக்கொள்ளும்.

அன்று ஒரு போட்டிக்குக் கடைசி நாள். நகரியில் ஏறிய திருப்பதி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, மகள் போனில் கூப்பிடுவாள் என்று காத்திருக்கும் ஒரு நைனாவின் கதையைப் போனிடம் சொன்னேன். கடைசியில் போன் அடிக்கிறது. எடுக்க அவர் உயிரோடு இல்லை. அவ்வளவுதான் கதை.

பக்கத்து சீட்டு அம்மா யாரோ எவரோ. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, அந்த மனுசன் பாவம் காத்துக்கினு கீறாரு. நீ பாட்டுக்கு சாவடிச்சிட்டியே!"

"இது சும்மா கதைதான், அக்கா."

"கதைதானே? அப்போ எடுத்துப் பேசட்டுமே. உனக்கு இன்னா நஷ்டம்?"

அது கதை இல்லை, என் நைனாவுக்கு நடந்தது. முடிவை அழித்துவிட்டு வேறு மாதிரி சொன்னேன். "ஆங், இப்போ சரி" என்றவர், நாராயணவனம் போக புத்தூரில் இறங்கிக்கொண்டார்.

பரிசு கிடைக்கவில்லை. பிறகு என் கதைகளைச் சேர்த்து நானே மின்நூலாகப் போட்டேன். எனக்குத் தமிழ் படிக்க வராதே, சமைக்கும்போது போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் உண்மை என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது அந்தக் கதை வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

போன் அடிக்கும். நைனா எடுப்பார்.

"இன்னாம்மா, சோறு துன்னியா?" என்பார்.