ஷிப்ட் வீட்டுப் பூனை

பூனை என்றால் ‘மியாவ்’ என்று பாடப் புத்தகத்தில் எழுதியவர் ஒரு பூனையோடு ஒரு வாரம்கூடக் குடியிருந்திருக்க மாட்டார். அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஏழெட்டுப் பூனைகள் இருந்தன. ஒன்றின் குரல் இன்னொன்றுக்கு இருந்ததில்லை. அடுத்த வீட்டுச் சாம்பல் பூனை வாயை மட்டும் திறக்கும், சத்தமே வராது. அந்த வீட்டம்மா அது கேட்பதற்கு முன்பே சோற்றை வைத்துவிடுவார், பிறகு அது எதற்குக் கத்த வேண்டும்? சுரங்கக் கேன்டீனில் திரிந்த கடுவன் பூனையின் குரலோ கரகரவென்று இருக்கும். கன்வேயர் பெல்ட் ஓடுகிற இரைச்சலில் அதைவிடச் சின்னக் குரலில் கேட்டால் அதற்கு ஒரு மீன் முள்கூடக் கிடைத்திருக்காது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பூனைக்குப் பூனை ‘மியாவ்’ சொல்லிக்கொள்வதில்லை. குட்டி தாயிடம் சொல்லும், அதோடு சரி. வளர்ந்த இரண்டு பூனைகள் எதிரெதிரே வந்தால் முறைக்கும், உறுமும், அல்லது பேசாமல் மோந்து பார்த்துவிட்டுப் போகும். அந்த ஒரு சத்தத்தை அவை மனிதர்களிடம் பேசுவதற்கென்றே வைத்திருக்கின்றன. எந்தச் சத்தத்துக்கு வீட்டில் காது கொடுக்கிறார்களோ, அந்தச் சத்தம் அந்தப் பூனையிடம் தங்கிவிடுகிறது.

இவ்வளவு விவரமாகப் பேசுகிற நான்தான் என் வீட்டில் இருந்த பூனையின் குரலைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். அதன் குரல் மட்டுமாக இருந்திருந்தால் இன்றைக்கு இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் அப்பா சேத்தியாத்தோப்புப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். எனக்கு மைன்ஸில் பெர்மனென்ட் வேலையும் குவார்ட்டர்ஸும் கிடைத்தபோது எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுத்தால் மதியம் வரை வீடு மூச்சு விடக் கூடாது. அப்படி ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். தூக்கம் கெட்டால் எனக்குக் கோபம் தலைக்கேறும். அதனால் என் மனைவி பகலில் வாய் திறக்கமாட்டாள். தண்ணீர் வேண்டுமா என்பதைப் பெருவிரலை வாயருகே வைத்துக் கேட்பாள். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டினால் ‘அப்பா தூங்குறாரு’ என்று அர்த்தம். மகளும் அந்தக் கைஜாடையையே பிடித்துக்கொண்டாள். ஒன்றரை வயதிலேயே சோறு, தண்ணீர், தூக்கம் எல்லாவற்றையும் கையால் சொன்னாள். என்ன சமர்த்து என்று எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும். புதிதாகக் குடிவந்த வீடுகளில் அந்தச் சத்தத்துக்குக் குழந்தைகள் அலறிக்கொண்டு எழுந்திருக்கும். என் மகள் அசையமாட்டாள். சுரங்கத்தில் வெடி வைக்கும் நாளில் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தால்கூடத் தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்ப்பாள், அழமாட்டாள். எங்கள் பிளாக்கில் இப்படிப்பட்ட குழந்தைக்கு ‘ஷிப்ட் பிள்ளை’ என்று ஒரு பட்டமே இருந்தது.

“பொறந்தா இந்த மாதிரி ஷிப்ட் புள்ளையா பொறக்கணும். எங்கூட்டுதுங்களும் இருக்குதுங்களே” என்று அடுத்த வீட்டம்மா என் மனைவியிடம் பெருமூச்சு விடுவார். அந்தப் பட்டத்தை நான் மைன்ஸில் போய்ச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். மூன்று வயது ஆகப்போகிறது, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று மனைவி எப்போதாவது முனகுவாள். “சிலதுங்க லேட்டாத்தான் பேசும், சும்மா இரு” என்பேன். சும்மா இரு என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த பேச்சு.

வெள்ளைப் பூனை குட்டியாக இருக்கும்போதே வந்து சேர்ந்தது. உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. கண் இரண்டும் நீலம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வளர வளரக் கத்த ஆரம்பித்தது. பசித்தாலும் அந்தக் கத்தல்தான், வயிறு நிறைந்த பிறகும் அதேதான். ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே நீட்டாக, யாரோ அதன் வாலை மிதித்துவிட்ட மாதிரி இருக்கும். மகளுக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. அது கத்தும்போது உள்ளங்கையை அதன் தொண்டையில் வைத்துக்கொள்வாள். பிறகு அந்தக் கையைத் தன் தொண்டையில் வைத்து, அதே மாதிரி நீட்டாக “ஆ...” என்று கத்துவாள். இரண்டும் சேர்ந்தால் வீடு இரண்டு படும்.

“ஷ்ஷ்!” என்று படுக்கையிலிருந்து சீறுவேன். இரண்டும் நிறுத்தாது. ஒரு நாள் எழுந்து வந்து பூனையைக் காலால் தள்ளிவிட்டேன். மகள் முதுகில் ஓர் அடி வைத்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அடி விழும்வரை நான் வந்ததே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. திமிர் என்று நினைத்தேன்.

அடுத்த வார ஓய்வு நாளில் பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். சாக்குக்குள் அது கத்தத் தொடங்கியதும் மகள் ஓடி வந்து சாக்கின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். விரல்களைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் சைக்கிளை மிதிக்க வேண்டியிருந்தது.

“வாணாங்க, பாப்பா ஏங்கிப்பூடும்” என்றாள் மனைவி.

“ரெண்டு நாள்ல மறந்துடும்” என்றேன்.

காடாம்புலியூர் போகிற வழியில் ஒரு முந்திரித் தோப்பில் அவிழ்த்துவிட்டேன். மற்றப் பூனை என்றால் நாலு கால் பாய்ச்சலில் ஓடியிருக்கும். இது ஓடவில்லை. உட்கார்ந்து என் வாயையே பார்த்தது. நான் சைக்கிளில் ஏறியதும் கத்த ஆரம்பித்தது. ரோட்டைத் தொடும்வரை அந்தச் சத்தம் கேட்டது.

மகள் மறக்கவில்லை. தண்ணீர்க் குழாயில் கையை வைப்பாள். கடிகாரத்தில் வைப்பாள். ரோட்டில் லாரி போனால் ஓடிப்போய்ச் சுவரில் இரண்டு கையையும் பதித்துக்கொண்டு நிற்பாள். விளையாட்டு என்று நினைத்தோம்.

மூன்று வாரம் கழித்து, எங்கள் செக்‌ஷனில் இருந்த வயதான ஃபிட்டர் ஒருவர் சாப்பாட்டு வேளையில் பேச்சுக் கொடுத்தார். அவருக்கு ஊர் காடாம்புலியூர்.

“ஏம்பா, ஒன் பூன இன்னும் கத்திக்கினுதான் இருக்குதா?”

“கொண்டுபோய் வுட்டுட்டேண்ணே. மனுசன் தூங்க முடியல.”

“வெள்ளப் பூனதான? கண்ணு நீலமா?”

“ஆமாண்ணே.”

“அட பாவி. அதுக்குக் காது கேக்காதுப்பா. எங்கூட்டுல முந்திரிக்கொட்ட மூட்டைய எலி கடிக்கிதுன்னு பூன வளத்தோம், அதுல நாலஞ்சு இப்படிப் பொறந்துச்சு. தான் போடுற சத்தம் தனக்கே தெரியாது. அதான் தொண்ட கிழியக் கத்திக்கினு கெடக்கும். பின்னால போய் நின்னு தட்டத் தட்டிப் பாரு, திரும்பாது.”

சாப்பாட்டு டப்பா திறந்தது திறந்தபடி இருந்தது. அவர் பூனையைப் பற்றித்தான் பேசினார். என் கண்ணுக்குள் மகளின் முதுகு வந்து நின்றது.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்து கொட்டாங்குச்சியில் மண்ணை நிரப்பிக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து பித்தளைத் தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து, அவள் தலைக்குப் பின்னால் பிடித்து ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். உள்ளே மனைவி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அடுத்த வீட்டுச் சாம்பல் பூனை மதிலிலிருந்து குதித்து ஓடியது. மகள் மண்ணை நிரப்பிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை தட்டினேன். இன்னொரு முறை. மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “இன்னாங்க இது... இன்னாங்க இது...” என்று அதையே சொல்லிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் ஷிப்ட் பிள்ளை சங்குக்குப் பழகியிருக்கவில்லை. அவள் ஒரு நாளும் அதைக் கேட்டதே இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு முந்திரித் தோப்புக்கு ஓடினேன். மகளுக்கு என்ன செய்வதென்று தெரியாததால் பூனையையாவது மீட்டுவரலாம் என்ற பைத்தியக்காரத்தனம். அங்கே சருகு கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன்.

“வெள்ளப் பூனையா? ரெண்டு நாளு கத்திக்கினே கெடந்துச்சுங்க. நாங்க கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்தோம், திரும்பியே பாக்கல. அப்பால சத்தத்தக் காணோம்.”

சென்னையில் டாக்டர் பார்த்துவிட்டுப் பிறவிக் குறை என்றார். மருந்து இல்லை என்று சொல்ல அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த டீச்சரம்மா மகளின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு “அம்மா” என்றார். மகள் உடனே கையைத் தன் தொண்டைக்குக் கொண்டுபோய் “ஆ...” என்றாள். டீச்சரம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“இதப் பழக்கவே எங்களுக்கு மாசக்கணக்கா ஆகும். வீட்டுல யாரு சொல்லிக் கொடுத்தது?”

“பூனதாங்க” என்றாள் மனைவி.

டீச்சரம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். வீட்டிலும் இதே மாதிரி நிறையப் பேசுங்கள் என்றார். ‘ஸ்’, ‘ஷ்’ என்று வெறும் காற்றை விட்டுச் சொல்கிற ஓசைகளுக்குத் தொண்டை அதிராது, அது குழந்தைக்குப் போய்ச் சேராது, வாய் திறந்து பேச வேண்டும் என்று எனக்குப் பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்.

நெய்வேலிக்குத் திரும்பிய மறுநாள் மதியம் நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மகள் ஏறிவந்து மடியில் உட்கார்ந்து, உள்ளங்கையை என் தொண்டையில் வைத்தாள். என் வாயையே பார்த்தாள். மூன்று வருஷத்தில் அவளோடு பேசியே பழகாதவனுக்கு என்ன பேசுவதென்று வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டுகிற மாதிரி, அவளே தொண்டை கிழிய “ஆ...” என்று கத்தினாள்.

“ஷ்ஷ்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது.

அவள் கையை இன்னும் அழுத்தி வைத்துப் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.