வரச் சொல்லவா, இருக்கச் சொல்லவா

சர்வதேச உறவுகளில் விமர்சனக் கோட்பாடுகள் என்பது என் ஆராய்ச்சி. யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவேன். நாடுகள் மோதுவதை வழக்கமான ஆய்வாளர்கள் மொட்டை மாடியில் நின்று தெருச்சண்டை பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்; அந்தப் பார்வை யாருக்குச் சாதகம், அதில் கண்ணில் படாமல் போகிறவர்கள் யார் என்று கேட்பதுதான் எங்கள் வேலை. அப்படிப்பட்டவர்களைத் தேடி, வளைகுடாவுக்கு ஆண்களை அனுப்பிய வீடுகளில் பேட்டி எடுக்க, குற்றாலத்துச் சாரல் தொடங்கிய வாரம் வடகரைக்கு, என் சொந்த வீட்டுக்கே வந்து இறங்கினேன்.

மறுநாளே வளைகுடாவில் சண்டை மூண்டது. லாத்தாவின், அதாவது என் அக்காவின், வீட்டுக்காரர் அங்கே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். விமான நிலையத்தை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்கள். லாத்தா அடுப்படிக்கும் வாசலுக்கும் போனோடு நடந்துகொண்டே இருந்தாள்.

"ஏட்டி, நீ இதத்தானே படிக்கெ? சண்ட பெருசாகுமா, அடங்கிருமா? மச்சான வரச் சொல்லவா, அங்கனயே இருக்கச் சொல்லவா?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். "லாத்தா, அடுத்து என்ன நடக்கும்னு கேக்கதே பெரிய நாடுகளோட கேள்வி. ஏன் இப்படி நடக்குதுன்னுதான் நாம கேக்கணும்" என்றேன். அவள் பார்த்த பார்வையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ் பிடித்துக் குற்றாலம் போனேன். அருவியில் வெள்ளம். போலீஸ் கயிறு கட்டி நின்றது. தலையில் எண்ணெய் வழிய நின்றவர்கள், எப்போது குளிக்க விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்வியில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து செய்தது இன்னும் மோசம். கை சும்மா இருக்கமாட்டாமல் பேட்டிக்கான ஒப்புதல் படிவத்தை லாத்தாவிடம் நீட்டினேன். தங்கச்சி தரும் தாள்தானே, பார்க்காமல் போட்டுவிடுவாள் என்று நினைப்பு. வளைகுடாக்காரர் வீட்டில் எந்தத் தாளிலும் அப்படிக் கையெழுத்துப் போடமாட்டார்கள். மச்சான் ஒருமுறை படிக்காமல் போட்டுப் பட்டது போதும். லாத்தா விரல் வைத்து வரிவரியாக வாசித்து, ஓரிடத்தில் நின்றாள். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் எந்த நட்டமும் வராது என்ற வரி.

"இத யாரு எழுதினா?"

"யுனிவர்சிட்டியில, லாத்தா."

"ஒன் மச்சான் காண்ட்ராக்ட்ல இப்படி ஒண்ணு இல்லியே."

அதற்குள் மச்சானின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. போகிறவர்கள் போகலாமாம், ஆனால் வேலையை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தால்தான் கம்பெனி பாஸ்போர்ட்டைத் தருமாம். என்ன செய்ய என்று கேட்டிருந்தார். இந்த முறை லாத்தா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போனை வாயருகே பிடித்தாள்.

"எழுதிக் குடுத்துட்டு வாங்க. வேல போனா போகுது. ஏர்போர்ட்ட அடைக்கதுக்குள்ள வந்துருங்க."

அனுப்பிவிட்டுப் போனைக் கீழே வைத்தாள். அவள் என் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"எழுதிக்கோ. ஆனா எங்களப் பாவம்னு மட்டும் எழுதாத."

என் பையில் இருந்த ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயத்தில், ஊரில் ஒருவரிடமும் பேசுவதற்கு முன்பே, நான் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன்.