கொண்டக்டர் யோகராஜின் விலாசம்

காலை ஐந்தரைக்கு தெல்தோட்டையில் முதலில் ஏறுகிறவர் நீட்டும் காசை யோகராஜ் உடனே பைக்குள் போடமாட்டார். இரண்டு கண்களிலும் ஒற்றி, நெற்றியில் தொட்டு, அதன் பிறகுதான் தோளில் தொங்கும் தோல்பைக்குள் விடுவார். கசங்கிய இருபது ரூபாய்த் தாளாக இருந்தாலும் சரி, மீன்கூடைக்காரரின் ஈரக்கை நாணயமாக இருந்தாலும் சரி, மரியாதையில் குறைவிருக்காது. சாரதி நளீர் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே, "கும்பிட்டு முடிஞ்சா பெல்ல அடி ஓய்!" என்பார். யோகராஜ் பெல்லை இரண்டு தரம் அடிப்பார். கண்டிக்கான முதல் பயணம் கிளம்பிவிடும்.

ஆளுக்கு நாற்பத்தாறு வயது. ஒல்லி. நெரிசலில் கை நுழையாத இடத்தில் யோகராஜ் முழுசாக நுழைந்துவிடுவார். காதில் எப்போதும் ஒரு பேனா. அந்தப் பேனா எதற்கு என்று தெல்தோட்டை ரோட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மற்ற பஸ்களில் மிச்சக்காசு என்பது கொண்டக்டரின் ஞாபகசக்தியைப் பொறுத்தது. அந்த ஞாபகமோ நாம் இறங்குகிற இடம் வரும்போது பார்த்து நன்றாக மறந்துபோகும். யோகராஜ் அந்த ரகமில்லை. சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்னால் "மிச்சம் 30" என்று எழுதிக் கொடுப்பார். மறந்து இறங்கிப் போனவரை ஒரு கிழமை கழித்துக் கண்டாலும் விடமாட்டார். "அக்கா, செவ்வாக்கெழம ஒங்களுக்கு இருவது ரூவா குடுக்கணும். இந்தாங்க." ஒருமுறை சாவு வீட்டில் வைத்து, அழுதுகொண்டிருந்த மனிதர் ஒருவரின் கையில் பதினைந்து ரூபாயைத் திணித்துவிட்டு, அதற்காக மனைவி யசோதாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கேட்டால், "அடுத்தவங்க காசு பையில கெடந்தா எனக்குச் சோறு எறங்காதுங்க" என்பார்.

அப்படிப்பட்ட ஆளைப் பார்த்துத்தான் போன வருஷம் கண்டியில் ஒரு வங்கி, கடன் கட்டாதவர் என்று சொன்னது.

சங்கதி இதுதான். யோகராஜ் குடும்பம் தெல்தோட்டையில் வாடகைக்கு இருந்தது ஹபீலா டீச்சரின் வீட்டில். இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் ஒரு கொய்யா மரம். டீச்சர் ஓய்வு பெற்று அக்குறணையில் மகளோடு போய் இருக்கத் தீர்மானித்தார். வீட்டை விற்க நினைத்ததும் முதலில் கூப்பிட்டது இவர்களைத்தான். "அஞ்சி வருஷமா சொந்த ஊடு மாதிரிப் பாத்துக்கிட்டீங்க. ஒங்களுக்கே தாரன். மூணு மாசத்துல காச ரெடி பண்ணுங்க" என்றார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்து, நாலு வாடகை வீடு மாறிய மனிதருக்கு அன்று நிலத்தில் கால் பாவவில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் அல்லவா? இருந்த சேமிப்பு, யசோதாவின் நகை, எல்லாம் போட்டார்கள். மிச்சத்துக்கு, யசோதாவின் கார்மண்ட் சம்பளச் சீட்டைக் காட்டி இருவர் பெயரிலும் கடன் கேட்டார்கள்.

பஸ் கண்டியில் அடுத்த பயணத்துக்கு நாற்பது நிமிஷம் நிற்கும். அந்த நாற்பது நிமிஷத்தில்தான் யோகராஜ் வங்கிக்கு ஓடிப்போய் வருவார். கடன் பகுதியில் இருந்தவர் டிலானி. வழியில் வரும் கலஹா ஊர்ப் பிள்ளை, இதே பஸ்ஸில்தான் வேலைக்கு வருவார். மூன்றாம் தடவை போனபோது டிலானியின் முகம் சரியில்லை.

"அண்ணே, ஒங்க கிரிப்ல ஒரு கடன் கட்டாமக் கெடக்கு."

கிரிப் என்றால், யார் எங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்றெல்லாம் பதிந்துவைக்கும் அறிக்கை. அதில் ஒரு கறுப்புப்புள்ளி விழுந்தால் வங்கிகள் உட்காரக் கதிரையைக்கூட நகர்த்திப் போடாது.

"எவ்வளவு மிஸ்?" என்று கேட்டார் யோகராஜ். யாரோ தன் பெயரில் லட்சக்கணக்கில் வாங்கிவிட்டார்கள் என்றே நினைத்தார்.

"நாலாயிரத்து நூத்திப் பதினஞ்சு."

ஒரு குளிர்சாதனப் பெட்டி. தவணைக்கு வாங்கியது. ஒரு மாதமும் தவறாமல் கட்டியவர், கொரோனா ஊரடங்கில் பஸ் நின்ற மூன்று மாதம் மட்டும் கட்டவில்லை. கம்பனியே சலுகை கொடுத்திருந்தது. பிறகு அந்த மூன்று தவணையையும் கட்டி முடித்து, பெட்டிக்குச் சந்தனப்பொட்டுகூட வைத்துவிட்டார். ஆனால் அந்தச் சலுகைக் காலத்துக்கு ஒரு வட்டி இருந்தது. அது யாருக்குத் தெரியும்? வட்டி குட்டி போட்டு நாலாயிரத்து நூற்றுப் பதினைந்தாக வளர்ந்து நின்றது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது சும்மாவா?

தோளில் கிடந்த பையில் அப்போது பதினெட்டாயிரம் இருந்தது. பஸ் முதலாளியின் காசு. அதிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு மாலையில் போட்டுவிடலாம். யோகராஜ் பையின் வாரை இறுக்கிக்கொண்டு, "நாளைக்கு என் காசு கொண்டாறேன் மிஸ்" என்றார். நான் என்றால் எடுத்திருப்பேன். நீங்களும் எடுத்திருப்பீர்கள்.

டிலானி அவர் முன்னாலேயே கம்பனிக்கு அழைத்துப் பேசினார். "ஏழு கடிதம் போட்டாங்களாம் அண்ணே. ஒண்ணுமே கெடக்கலியா? போனும் எடுத்தாங்களாம்." போன் கதை எல்லாருக்கும் தெரியும். அது ஒரு வளைவில் யோகராஜின் சட்டைப்பையிலிருந்து பறந்து பள்ளத்துத் தேயிலைக்குள் போனது. நம்பர் மாறிவிட்டது.

"எந்த அட்ரஸுக்குப் போட்டாங்க மிஸ்?"

டிலானி எழுதிவைத்ததை வாசித்தார். தோட்டத்தின் பெயர், கீழ்ப் பிரிவு, லயம், காம்பிரா.

யோகராஜ் தோட்டத்தை விட்டு வந்து பதினேழு வருஷம். ஆனாலும் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் அந்த விலாசத்தைத்தான் எழுதுவார். அதற்கு அவரிடம் நியாயம் இருந்தது. "வாடக வீட்டு அட்ரஸ் நம்ம அட்ரஸாங்க? நாளைக்குப் போன்னா போகணும். தோட்டம் எங்கயும் போகாதே!" தோட்டம் போகவில்லைதான். ஆனால் லயத்துக் கதவுக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாருடைய கடிதமும் மொத்தமாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். போய்க் கேட்கிறவருக்குக் கிடைக்கும், கேட்காதவருக்கு அலுமாரி.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கிளாக்கரின் வீட்டுக்கே போய்க் கும்பிட்டார். அந்த மனிதர் முகம் சுளிக்காமல் வந்து ஆபீசைத் திறந்து, அலுமாரிக்கு மேலிருந்து தூசி பறக்க ஒரு கடிதக் கட்டை இறக்கினார். ஏழு கடிதமும் இருந்தன. "இந்த ஆபீஸ் வாசலால ஒரு நாளைக்கு நாலு தரம் போறேனே ஐயா!" என்று யோகராஜ் தலையில் கைவைத்துக்கொண்டு கல்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டுக்குள் இன்னும் யார் யாருடைய கடிதங்களோ இருந்தன.

கண்டியில் கம்பனிக் கிளையில் காசைக் கட்ட ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கடன் முடிந்தது என்ற கடிதம்தான் கேட்டார். கவுண்டரில் இருந்த பிள்ளை, "ரெண்டு கெழமையில தபால்ல வரும்" என்றது.

"எந்த அட்ரஸுக்குத் தங்கச்சி?"

பிள்ளை தோட்டத்தின் பெயரை வாசித்தது. யோகராஜுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. டீச்சர் தந்த மூன்று மாதத்தில் ஒன்பது நாள்தான் பாக்கி. டிலானிக்கு அழைத்தார். வங்கி அதிகாரிக்கு இது தலையெழுத்தா? ஒரு படிவத்தை நிராகரித்துவிட்டு அடுத்ததை எடுத்திருக்கலாம். டிலானிப் பிள்ளையோ, கம்பனியில் பெரியவர் யாரையோ போனில் பிடித்து, "இன்னைக்கே கையில குடுங்க, நான் ஃபைல மூடாம வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டது.

கடிதம் அச்சாகி வரும்போது பஸ் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. பஸ் நிலையத்தில் நளீர் என்ன செய்தார் தெரியுமா? நல்ல இன்ஜினை நிறுத்திவிட்டு, பொனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். டைம்கீப்பர் கத்தினார். பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். யோகராஜ் கடிதத்தை வங்கியில் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்ததும் பொனட் தானாக மூடிக்கொண்டது. "ஒன்ட கடனால எனக்கு மூஞ்செல்லாம் கிரீஸ்" என்றார் நளீர்.

கிரிப்பில் திருத்தம் ஏற இன்னும் நாள் வேண்டும் என்றார்கள். அன்று மாலை யோகராஜும் யசோதாவும் டீச்சர் முன்னால் போய் நின்றார்கள்.  யசோதாதான் ஏழு கடிதத்தையும் மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துத் திகதி பார்த்தார்.

"கம்பளயில ஈந்து ஒருத்தர் கைக்காசோட வந்தாரு. ரெண்டு லச்சம் கூடத் தாரதாச் சென்னாரு."

யசோதா யோகராஜின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊடு பேசி முடிஞ்சிட்டுண்டு அனுப்பிட்டேன். நான் சென்னா சென்னதுதான். இன்னும் ஒரு மாசம் எடுத்துக்கங்க. டீய குடிங்க, ஆறுது."

அந்த இரவை இன்றைக்கும் யோகராஜால் கண் கலங்காமல் சொல்ல முடியாது. "அந்தத் தாய் ரெண்டு லச்சத்த எனக்காக வேணாம்ன்னு சொல்லிருக்குங்க. நா யாரு அவங்களுக்கு?"

இருபத்திரண்டாவது நாள் கடன் கிடைத்தது. வீட்டு உறுதிப்பத்திரமும் எழுதியாயிற்று. மறுநாள் காலை கலஹாவில் டிலானி ஏறியபோது யோகராஜ் காசு வாங்க மறுத்துவிட்டார்.

"எடுக்காட்டி எறங்கிருவேன் அண்ணே."

"மிஸ், ஒங்களுக்கு நா குடுக்கவேண்டிய மிச்சம் நெறயா இருக்கு. அத டிக்கெட்ல எழுத ஏலாது."

"அதெல்லாம் கெடக்கட்டும். நூறு ரூவாவுக்குச் சில்லறை இருக்கா?" என்றார் டிலானி. பஸ் முழுக்கச் சிரித்தது. யோகராஜ் காசை வாங்கிக்கொண்டு மிச்சத்தை இரண்டு கையாலும் கொடுத்தார்.

இப்போது அவருக்குப் புதுப் பழக்கம் ஒன்று சேர்ந்திருக்கிறது. சனிக்கிழமை தோறும் தோட்டத்து ஆபீசில் பஸ்ஸை அரை நிமிஷம் நிறுத்தி, கிளாக்கரிடம் பெயர்களைக் கேட்டுக்கொள்வார். பிறகு வழி நெடுக மிதிபலகையில் நின்று சத்தம் போடுவார். "அழகம்மாக்கா, ஒங்களுக்குக் கடிதாசி வந்து கெடக்கு! இன்னைக்கே போயி எடுங்க! நாலாயிரம் ரூவா மாட்டிக்கும்!"

வீட்டு வாசலில், பழைய எண்ணெய்த் தகரத்தை வெட்டி மடக்கி, சிவப்புப் பெயின்ட் அடித்து ஒரு தபால் பெட்டி. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அதைத் திறந்து, பைக்குள் சில்லறை துழாவுவது போல நாலு மூலையிலும் விரலை விட்டுப் பார்ப்பார். இரண்டு கிழமை ஒன்றுமில்லை. "பேங்க்காரன் கடன் கேட்டுப் போடுவான், அவசரப்படாத" என்று நளீர் கிண்டல் பண்ணினார்.

மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமை விரலில் கடித உறை தட்டுப்பட்டது. வங்கியிலிருந்துதான். முதல் தவணை பதினைந்தாம் திகதிக்கு முன் கட்டவேண்டும் என்று போட்டிருந்தது. யோகராஜ் உறையைத் திருப்பி, யசோதாவுக்குக் கேட்க உரத்து வாசித்தார். "ஆர். யோகராஜ். இலக்கம் பதினேழின் கீழ் மூணு, பள்ளிக்கூட ஒழுங்கை, தெல்தோட்டை."

பிறகு அந்தக் கடன் கடிதத்தை இரண்டு கண்களிலும் ஒற்றி, நெற்றியில் தொட்டுக்கொண்டார்.