கடலுக்கு இறங்கிய மஞ்சள் குழாய்

எனக்கு வயது எழுபத்திரண்டு. தறி நெய்து ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கடைசி மகள் கலாவதி சென்னையில் கடல் ஆராய்ச்சி செய்கிறாள். மூன்று வருஷம் பாடுபட்டுச் செய்த கருவியைக் கடலில் விடப்போகிறேன், நீ பக்கத்தில் இருக்கணும் என்றாள். சுனாமி வந்து மூன்றாம் வருஷம், மாசி மாதம்.

விடியற்காலை திருத்தணியில் ரயில் ஏறினேன். சென்னை எண்பது கிலோமீட்டருக்கு மேல். அரக்கோணத்தில் டீ மூன்று ரூபாய்; வெந்நீர்தான். மணவூர் தாண்டியதும் பக்கத்துப் பூக்காரம்மா கேட்டாள்.

"எங்கம்மா போய்க்கினு இருக்கீங்க?"

"கடல்ல எங்க பொண்ணு மெஷின் விடறா. பாக்கப் போறேன்."

உடனே ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

எட்டு மணிக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கலா முன்னால் நின்றேன். கருவி என் உயரம். மஞ்சள் குழாய், உச்சியில் வானம் பார்த்த கண்ணாடி.

"இது இன்னா பண்ணும்?" என்றேன்.

"தறி ஓடறப்போ பஞ்சுத்தூசி இமையில படியுமில்ல? கடலுக்குள்ளயும் அப்படித்தாம்மா. செத்த பாசி, மீன் கழிவு எல்லாம் கீழ விழுந்துகினே இருக்கும். காத்துல கலந்து பூமியைச் சூடாக்கற கரியும் கொஞ்சம் அதோட அடிக்குப் போயிடுது. எவ்ளோ போவுதுன்னு ஆளே இல்லாம இது பாக்கும். தூசி படியப் படியக் கண்ணாடி மங்கும். அதைக் கணக்கு வெச்சுக்கினு, தானா மேல வந்து செய்தி அனுப்பும்" என்றாள் கலா.

எங்கள் முருகன் மலையிலிருந்து கொண்டுபோன விபூதியையும் சந்தனத்தையும் கொடுத்தேன். புதுத் தறிக்குப் பூசாமல் எங்கள் வீட்டில் பாவு நூல் ஏற்றுவதில்லை. கண்ணாடியைச் சுற்றிய வளையத்தில் கலா பட்டையிட்டுப் பொட்டு வைத்தாள்.

கடைசிச் சோதனைக்குக் கருவியைத் தெளிந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்த கூட்டாளி ரவியின் முகம் சுருங்கியது.

"மேடம், கண்ணாடி மங்கல்னு காட்டுது. கெட்டுப்போச்சு போல."

"சீக்கிரம் சொல்லுங்கம்மா. இன்னிக்குத் தவற உட்டா இந்த வருஷம் என் படகு கெடைக்காது" என்றார் படகுக்காரர்.

கலா கருவியை மேலே தூக்கச் சொல்லி, மூக்கு இடிக்கக் குனிந்து கண்ணாடியைப் பார்த்தாள். திடீரென்று சிரித்தாள். "ஒண்ணும் கெடல ரவி. எங்க முருகன் கண்ணாடி மேல உக்காந்துகினு இருக்காரு."

சந்தனக் கை பட்ட இடத்தில் விபூதி பறந்து அப்பியிருந்தது. முந்தானையை எடுத்தேன், துடைக்க.

"ஐயோ அம்மா, நூல் பிசிறு ஒட்டும்!"

வளையத்துப் பொட்டையும் சேர்த்துக் கழுவி, மெத்தென்ற காகிதத்தால் ஒற்றி, மறுபடி இறக்கினாள். கண்ணாடி தெளிவு என்று வந்தது.

"ஒரு சிட்டிகை விபூதியவே கண்டுபிடிச்சிருக்குதே!" என்றான் ரவி.

"சாமியே பரீட்சை வெச்சாருன்னு எழுதிக்கோப்பா" என்றேன். பொட்டு வைக்காமல் அனுப்ப எனக்கு மனசில்லை. அடிப்பக்கம் வைக்கச் சொன்னேன், வைத்தாள்.

படகோடு போய், கருவியை ஆழத்தில் விட்டு, மறுநாள் திரும்பினாள். அதற்கடுத்த நாள் மதியம் செய்தி வரவேண்டும். வரவில்லை. கலா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். "வரும், சாப்பிடு" என்றேன். விளக்கு வைக்கும் நேரத்தில் ரவியின் போன்.

"மேல வந்துட்டுதும்மா!" என்று கத்தினாள். "கண்ணாடி மங்கியிருக்குதாம். இந்தத் தடவை நெஜமான கடல் தூசி!"

மறுநாள் ஊர் திரும்பினேன். எங்கள் தறித்தூசிக்கு ஒரு துடைப்பம் போதும். கடலடியில் யார் கூட்டுவது? அந்தக் கரி யாரும் கூட்டாமல் அங்கேயே கிடப்பதுதான் ஊருக்கு நல்லது என்கிறாள் கலா.

பேத்தி சுதா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும்டி. உங்க அத்தை கத்தினாளே, அங்கேருந்து ஒருவாட்டி படி.